கழற்றி வைத்த கூரை

அந்த மாதிரி வீடு ஒரு சோற்றுத் தட்டளவுதான் இருக்கும். களிமண் சுவர், தீக்குச்சித் தூண்கள், மேலே உண்மையான தென்னோலையைக் கீறி முடைந்த கிடுகுக் கூரை. கட்டிட மிஸ் அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கட்டிடம் வரைகிற படிப்புப் படித்தவர். மேசையில் வைத்ததும் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். நான் பின்வரிசையில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு இருந்தேன். கட்டப் போகிற விடுதிக்குச் சமைக்க என்னைப் பேசி வைத்திருந்ததால்தான் கூட்டத்துக்கே கூப்பிட்டார்கள்.

யுத்தம் முடிந்த பிறகு பள்ளிவாசல்துறைப் பக்கம் பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்க ஒரு பள்ளிக்கூடம் கட்டப் போவதாகச் சொன்னார்கள். மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்து முகாமில் இருந்த எங்களுக்கு அது பெரிய காரியம். மீன்பிடிக் காலம் வந்தால் ஆண்கள் வேறு கரைக்குப் போய் வாடி என்கிற தற்காலிகக் குடிசை போடுவார்கள், குடும்பமும் கூடவே போகும். பிள்ளையின் படிப்பு அதோடு முடியும். நானும் அப்படி ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். என் தம்பி மகளுக்கும் அதே வயது வந்திருந்தது. அவளை நான்தான் வளர்த்தேன்.

மிஸ் நன்றாகத்தான் விளக்கினார். சோளகக் காற்று எந்தப் பக்கத்தால் வரும், வெக்கை எப்படி மேலேறிப் போகும், மரமும் மண்ணும் ஓலையும் இங்கேயே கிடைக்கும்போது வெளியிலிருந்து ஏன் கொண்டுவர வேண்டும் என்றெல்லாம் சொன்னார். பண உதவி கொடுக்கக் கொழும்பிலிருந்து வந்த ஐயாவுக்கு அந்தக் கூரைதான் மிகவும் பிடித்தது. "இது உங்கட பாரம்பரியம். படத்திலயும் வடிவா இருக்கும்" என்றார்.

எனக்குக் கூட்டத்தில் கதைத்துப் பழக்கமில்லை. எழும்பினேன், மேசைக்குப் போனேன், அந்தச் சின்னக் கூரையை இரண்டு கையாலும் கழற்றி ஒரு பக்கமாக வைத்தேன். வாய் அதற்குப் பிறகுதான் திறந்தது.

"கிடுகு எங்கட பாரம்பரியம் இல்ல ஐயா. மன்னார்ல எங்கட வாப்பாட வீடு ஓட்டு வீடு, சுண்ணாம்புச் சுவர். வீடில்லாமப் போன பொறகு கெடச்சதுதான் கிடுகு. எங்கட புள்ளைகள் அதுக்குக் கீழ இருந்து படிக்க மாட்டாங்க."

ஐயா சிரித்தார். "அப்ப பள்ளிக்கூடமே வேணாமா?"

"கெடக்கட்டும்" என்றேன். எங்கிருந்து அந்த வார்த்தை வந்ததோ. பின்வரிசைப் பெண்கள் எல்லோரும் என்னோடு எழும்பி நின்றார்கள்.

மிஸ் கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் கூரையில்லாத அந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஐயாவிடம், "நீங்கள் இதுக்குள்ள படுக்கப் போறதில்லை. நானும் படுக்கப் போறதில்லை. கூரை மாறும்" என்றார்.

ஆனால் அவரும் லேசுப்பட்டவரில்லை. தகரம் போடச் சொல்லி நான் கேட்டபோது, "ராத்தா, நீங்கள் கூரையைத் தூக்கேக்க நான் வாய் திறந்தனானா? இப்ப நான் தகரத்தைத் தூக்கிறன், நீங்கள் பேசாமல் இருங்கோ. பிள்ளையள் அவிஞ்சு போவினம்" என்றார். ஒரு முழுப் பின்னேரம் வாதாடினோம். கடைசியில் சிலாபத்துப் பக்கம் சுடுகிற களிமண் ஓடு, தென்னைமரச் சட்டம், கடற்பக்கம் அகலமான விறாந்தை, சுவரின் மேற்பகுதியில் காற்றுப் போக இடைவெளி என்று முடிந்தது. மண்கல் சுவருக்குச் சுண்ணாம்பு பூச வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக நின்றேன். அதற்கு மட்டும் அவர், "ஓம், சரி, வென்றிட்டியள்" என்றார்.

அந்த ஐயா பிறகு வரவே இல்லை. மிஸ் காசு தேடி வேறு இடங்களில் ஏறி இறங்கித்தான் வேலை தொடங்கியது. கட்டிடம் தாமதித்தது. அதற்குள் விடுதிக்காகக் காத்திருந்த மாம்புரி ஊர்ப் பிள்ளை ஒருத்தியைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். "கிடுகுக்கு ஓம் சொல்லியிருந்தா அவ படிச்சிருப்பா" என்று அவளுடைய உம்மா என் முகத்துக்கு நேரே சொன்னார். ஆனாலும் இன்றைக்கு அதே கூட்டத்தில் உட்கார வைத்தாலும் அந்தக் கூரையைக் கழற்றத்தான் செய்வேன்.

விடுதி திறந்த பிறகு வந்த முதல் மாரியில், பகல் படிப்பு நேரத்தில் மழை கொட்டியது. பிள்ளைகள் அத்தனை பேரும் சட்டென்று எழும்பி, புத்தகங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்கள். என் தம்பி மகளும்தான். எங்கே ஒழுகும், எங்கே சட்டி வைப்பது என்று முகாமில் பழகிய கண்கள். நான் அகப்பையோடு வாசலில் நின்றேன். ஒரு சொட்டு விழவில்லை.

"இருங்க. படிங்க" என்றேன்.

மிஸ் இப்போது வெளிநாட்டில். தம்பி மகள் எத்தாளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். நான் இன்னும் அந்த விடுதிக் குசினியில்தான் சமைக்கிறேன். இப்போதுள்ள பிள்ளைகள் மழை பெய்தால் மேலே பார்ப்பதில்லை.