வாத்துக்காரர் விசில் அடித்த ஃபைனல்

எங்கள் மாமாவைப் போல வாய்க்கொழுப்பு உள்ள மனிதரை நான் இன்றுவரை பார்த்ததில்லை. அம்மாவின் தம்பி. பாகூரில் எங்கள் ஃபுட்பால் டீமுக்குக் கோச். அதற்கு முன்பு சுற்றுவட்டாரத்தில் இரண்டு ஊர்களுக்குக் கோச்சாக இருந்து, இரண்டிலும் கோப்பை வாங்கிக் கொடுத்து, இரண்டிலும் சண்டை போட்டுக்கொண்டு வந்தவர். தோளில் தூக்கி ஆடியவர்களே பிறகு அவரைக் கண்டால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். டிவியில் வெளிநாட்டு ஃபுட்பால் மேனேஜர் ஒருவர் நிருபர்களிடம் எரிந்து விழுவதைப் பார்த்தால் மாமாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும்.

“இவன்தான்டா ஆளு! எந்தப் பெரிய கிளப்புக்குப் போனாலும் பாதிப் பேரு கும்புடுறான், பாதிப் பேரு திட்டுறான். நடுவுல எவனும் கெடையாது பாரு!” என்பார். ஜெயித்தால் “நான் ஜெயிச்சேன்” என்றுதான் சொல்வாரே தவிர, மறந்தும் ‘நாம’ என்று வராது. எனக்கோ அவர் என்றால் உயிர்.

நான் ஆறாவது படித்த கோடையில், ஏரி வற்றிக் கிடந்த இடத்தில் ஃபைனல். எதிர் டீம் கரையாம்புத்தூர். எங்கள் கோல்கீப்பர் என் அண்ணன். அவனுக்கு முன்பு நின்றவன் ஒரே ஒரு பந்தைக் கோட்டைவிட்டதற்கு ஊரே ‘ஓட்டைக்கை’ என்று பெயர் வைத்துவிட்டது. அவன் அப்புறம் மைதானத்துப் பக்கமே வரவில்லை. அந்தப் பயத்தில் அண்ணன் காலையில் இட்லியைக்கூடத் தொடவில்லை.

ஆட்டம் முடியப்போகிற நேரம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. வந்த பந்தை அண்ணன் அழகாகத் தாவிப் பிடித்துவிட்டான். அப்போது பார்த்து, பக்கத்து வயலில் வாத்து மேய்த்துக்கொண்டிருந்தவர் அவற்றைத் திருப்ப ஒரு விசில் அடித்தார். ரெஃப்ரிதான் ஊதிவிட்டார் என்று நினைத்து அண்ணன் பந்தைச் சாவகாசமாகக் கீழே வைத்தான். எதிர் டீம்காரன் ஓடிவந்து ஒரு தட்டு தட்டினான். கோல்!

தோற்றுப்போனோம். மொத்தக் கூட்டமும் அண்ணனைச் சூழ்ந்துகொண்டது. அவனைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்குள் மாமா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

“இன்னாடா அவன மொறைக்கிறீங்க? நான்தான் பந்த கீழ வைய்யின்னு கத்துனேன். வச்சான்.”

“உனுக்கு இன்னா பைத்தியமா? எவனாச்சும் அப்பிடிச் சொல்லுவானா?” என்று ஒரு பெரியவர் எகிறினார்.

“அது பிளானு. உங்களுக்குலாம் புரியாது. வூட்டுக்குப் போயி படுங்க!”

அவ்வளவுதான். அண்ணனை அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் மாமாமேல் பாய்ந்தார்கள். சட்டை கிழிந்தது. கோச் வேலையும் அங்கேயே போயிற்று. அடுத்த வாரம் அண்ணன் வழக்கம்போலக் கோலில் நின்றான். அவனை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஆட்டம் முழுக்க மாமா பக்கத்தில் நின்றவள் நான். ஃபைனல் முடிந்து திரும்பி வரும் வழியிலேயே கேட்டுவிட்டேன்.

“நீ எங்க மாமா கத்துன? உன் வாயி நெறைய மல்லாட்டை இருந்துச்சே!”

“வாய மூடிகினு வாடி,” என்றார், பல்லிடுக்கில் சிக்கிய வேர்க்கடலையை நாக்கால் துழாவிக்கொண்டே.

எனக்கு வந்த கோபமே கோபம். ஜெயித்தாலும் ‘நான்’, தோற்றாலும் ‘நான்’! அண்ணன் செய்த தப்பைக்கூட அவனுக்கு விட்டுக்கொடுக்காமல் தானே வாங்கிக்கொள்கிறாரே, இப்படியும் ஒரு மனிதருக்குப் பேராசை இருக்குமா என்று, அதற்கப்புறம் ரொம்ப நாள் அவரோடு நான் பேசவே இல்லை.