விரிசல் விட்ட பிளேட்டும் மூணு அணிலும்

அணிலை அடிக்காம, கொல்லாம, நெல்லு விஷயத்துல அதை ஜெயிச்சவ நான். தோட்டக்காரன் வெச்சுக்கிட்டு இருந்த பங்களாக்காரங்களுக்கே அந்தக் காலத்துல முடியாத காரியம் அது. மயிலாப்பூர்ல குளத்துக்குப் பின்னால ஒரு சந்து வீட்டுல, கல்யாணமாகி எட்டு மாசம் ஆன நான் செஞ்சேன். என்னடா இவ இப்படிப் பீத்திக்கிறாளேன்னு தோணினா தோணட்டும். பீத்திக்கத்தான் இதை எழுதுறேன்.

அப்ப உலகச் சண்டைக் காலம். அரிசிக்கு ரேஷன். கார்டைத் தூக்கிக்கிட்டு வரிசையில நின்னு வாங்குற அரிசியில பாதி கல்லு, மீதி நொய். அந்தப் பங்குனியில என் அப்பா செங்கல்பட்டுப் பக்கத்துலேர்ந்து என்னைப் பார்க்க வந்தாரு. கையில ஒரு கதிர்க்கட்டு. எங்க வீட்டுல அறுப்பு முடிஞ்சா முதல் கட்டு குருவிக்குத்தான். கொத்தாக் கட்டி வாசல்ல தொங்க விடுவாங்க. "இந்த வருஷம் உன் வீட்டுல தொங்கட்டும்மா"ன்னு குடுத்தாரு. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "உன்னை நல்லா வெச்சுக்கிறாங்களா?"ன்னு கேட்டாரு. "நல்லாத்தான்பா"ன்னேன். அவர் நம்பலைன்னு முகத்துலயே தெரிஞ்சுது.

அத்தை, அதான் என் மாமியார், கொடுமைக்காரி இல்லை. வாய்தான் கொஞ்சம் நீளம். ஆனா அந்த வீட்டுல எந்தப் பாத்திரம் எங்க இருக்கணும், எந்த விறகு முதல்ல எரியணும், எல்லாம் அவங்க வெச்சதுதான் சட்டம். யாராவது என்னைக் காட்டி யாருன்னு கேட்டா, "என் புள்ள பொண்டாட்டி"ம்பாங்க. அவ்வளவுதான் நான். அந்த வீட்டுல எனக்குன்னு இருந்தது அந்தக் கதிர்க்கட்டு ஒண்ணுதான்.

"சோத்துக்கே சிங்கி அடிக்கிறோம், குருவிக்கு விருந்தா"ன்னு அத்தை முணுமுணுத்தாங்க. ஆனா தடுக்கலை. பின்பக்கத் தாழ்வாரத்துல, தூணுலேர்ந்து எட்டாத மாதிரி நடு விட்டத்துல சணல் கயித்தால கட்டினேன். மறுநாளே குருவிங்க வந்துடுச்சு. எனக்குத் தலைகால் புரியலை.

மூணாம் நாள் கொய்யா மரத்து அணிலுங்க வந்துச்சு. மூணு. கயித்துல தலைகீழா இறங்கி, கதிர் மேல உக்காந்து, ரெண்டு கையாலயும் பிடிச்சுக் கொறிச்சுதுங்க. தின்னா போவுது, பாதிக் கதிரைக் கடிச்சுத் தரையில போட்டுச்சுங்க. கிட்ட வந்த குருவிங்களை விரட்டி அடிச்சுதுங்க. எனக்கு வயிறு எரிஞ்சுது. துடைப்பத்தைத் தூக்கினேன். அத்தை என் கையைப் பிடிச்சாங்க.

"இன்னா பண்றே? ராமர் தடவின முதுகு அது. மூணு கோடு தெரியல உனக்கு?"

அடிக்கவும் கூடாதாம். சரி, வேற என்ன செய்யலாம்னு கேட்டா, அதுக்கும் ஒரு தீர்ப்பு வெச்சிருந்தாங்க. "குருவிக்குன்னு வந்ததைக் குருவி துன்னணும். அணில்தான் துன்னும்னா எதுக்கு வீணா? வர்ற வெள்ளிக்கிழமை உதுத்துக் குத்தி கஞ்சி வெச்சுடுறேன்."

அன்னிக்கு ஞாயித்துக்கிழமை.

திங்கக்கிழமை கயித்துல விளக்கெண்ணெய் தடவினேன். அணில் வழுக்கலை. எறும்புதான் சாரை சாரையா வந்துச்சு. செவ்வாக்கிழமை கதிர் மேல மிளகாய்த்தூளைத் தூவினேன். குருவிக்குக் காரம் உறைக்காதுன்னு எங்க ஊர்ல சொல்வாங்க, அது நெசம்தான், அதுங்க பாட்டுக்குத் தின்னுச்சுங்க. அணில் ஒரு வாய் கடிச்சுட்டு, கிணத்து மேடையில உக்காந்து முன்னங்காலால வாயைத் துடைச்சுக்கிட்டே இருந்துச்சு. ஜெயிச்சுட்டேன்னு நான் உள்ள போய்த் திரும்பி வந்தா, அத்தை கொட்டாங்கச்சியில மோர் ஊத்தி அதுக்கிட்ட வெச்சுக்கிட்டு இருக்காங்க. "பாவம், வாய் எரியுது அதுக்கு"ன்னாங்க. மறுநாள் மூணு அணில் அஞ்சாச்சு. முதல்ல கதிர், அப்புறம் மோர். இதை எங்க போய்ச் சொல்லி அழுவேன்?

புதன்கிழமை சாயங்காலம் அவரு, அதான் என் வீட்டுக்காரர், ஆபீஸ் விட்டு வந்து கிராமபோன்ல ஒரு பிளேட்டைப் போட்டாரு. அவருக்கு உசிரான பிளேட்டு அது. ஆனா நடுவரைக்கும் விரிசல். ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு டொக்கு. எப்படி விரிஞ்சுதுன்னு கேட்டப்ப, பூனை குதிச்சிருக்கும்னு அத்தை சொல்லியிருந்தாங்களாம். நான் குனிஞ்சு பார்த்தப்ப என் தலையிலேர்ந்து ஒரு மல்லிப்பூ சுத்துற பிளேட்டு மேல விழுந்துச்சு. விழுந்ததும் வழுக்கிக்கிட்டே ஓரத்துக்குப் போய்க் கீழே விழுந்துடுச்சு. வழுவழுன்னு இருக்கு. நடுவுல கயிறு கோக்க ஓட்டை வேற.

"இதைக் குடுங்க, கதிருக்கு மேல கோத்துக் கட்டினா அணில் வழுக்கிடும்"ன்னேன்.

"பாட்டுக் கேக்குறதை அணிலுக்குக் குடையாப் பிடிக்கிறதா?"

"எங்க பாட்டுக் கேக்குறீங்க? டொக்கைத்தானே கேக்குறீங்க."

சிரிச்சுக்கிட்டே எடுத்துக் குடுத்தாரு.

வியாழக்கிழமை காலையில கயித்துல பிளேட்டைக் கோத்து, அடியில முடிச்சுப் போட்டு, அதுக்குக் கீழ கதிரைக் கட்டினேன். மத்தியானம் தாழ்வாரத்துல வெயில் இறங்குமேன்னு யோசிக்கலை. பங்குனி வெயில், பிளேட்டோ அரக்கு. சமையலை முடிச்சுட்டு வந்து பார்க்கிறேன், பிளேட்டு இளகி நாலு பக்கமும் தொங்கிப்போய் நிக்குது. அவரோட பிளேட்டையும் பாழாக்கியாச்சு, கதிரும் நாளைக்குக் கஞ்சிக்குப் போகுது. கிணத்தடியில உக்காந்து நல்லா அழுதேன். அவுக்கக்கூட மனசு வரலை, அப்படியே விட்டுட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில அத்தை முறத்தோட வந்தாங்க, சொன்ன சொல் தவறாம. சரியா அதே நேரத்துக்கு ஒரு அணில் கயித்துல இறங்குச்சு. பிளேட்டு மேல கால் வெச்சுது. வளைஞ்ச பிளேட்டு ஒரு பக்கம் சாய, சர்ருன்னு வழுக்கிப் பொத்துன்னு தரையில. எழுந்து, மேல பார்த்து, தூண்ல ஏறி, விட்டத்துல ஓடி, மறுபடியும் இறங்குச்சு. மறுபடியும் பொத்து. வெயில் வளைச்சதுதான் எனக்கு வசதியாப் போச்சு. கீழ கதிர்ல நாலு குருவி, நடக்கிறது எதையும் சட்டை பண்ணாம தின்னுக்கிட்டு இருக்கு.

மூணாவது தடவை அது விழுந்தப்ப அத்தை முறத்தைக் கீழ போட்டுட்டுத் தூணைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. அவங்க அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்லை. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு டீச்சரம்மா மதிலுக்கு மேல எட்டிப் பார்த்தாங்க.

"வா டீச்சரம்மா, வந்து பாரு" அத்தை கையை நீட்டிக் காட்டினாங்க. "நான் தெரியாம மேல குந்தி உடைச்ச பிளேட்டு. அதை வெச்சு எங்க வீட்டுப் பொண்ணு அணிலுக்கே வழுக்கு மரம் கட்டிக்கீறா."

கிணத்தடியில பல் விளக்கிக்கிட்டு இருந்த அவரு திரும்பினாரு. "நீயா உடைச்சே? பூனைன்னியே!"

அத்தை அதைக் காதுல வாங்கலை. முறத்தை எடுத்துக்கிட்டு உள்ள போய், அதே முறத்துல ஒரு பிடி நொய் கொண்டாந்து கிணத்து மேடையில அணிலுக்குப் போட்டாங்க. ராமர் தடவினாலும் வயிறுன்னு ஒண்ணு கீதேன்னாங்க.

அன்னிக்குச் சாயங்காலம் என்னை உக்காரவெச்சு அப்பாவுக்குத் தபால் கார்டு எழுதச் சொன்னாங்க. அடுத்த அறுப்புக்கு ரெண்டு கட்டா எடுத்தாரணும், ஒண்ணு உனக்கு, ஒண்ணு எனக்குன்னு எழுதுன்னாங்க. சொன்னபடி எழுதினேன். அடியில கொஞ்சம் இடம் மிச்சம் இருந்துச்சு. அதுல நானா ஒரு வரி சேர்த்தேன்: "அப்பா, இங்க என்னைப் பொண்ணுன்னு சொல்லிட்டாங்க."