‘அல்லவா’ என்று முடியும் கேள்விகள்

வாசகரே, என் பக்கம் சாட்சிக்கு ஆள் இல்லை. நீங்களே வந்து நில்லுங்கள்.

கல்லூரி நாள்களில் அரூரிலும் பாப்பிரெட்டிப்பட்டியிலும் நான் ஏறாத பட்டிமன்ற மேடை குறைவு. அந்தக் குரலோடுதான் கடத்தூர்ப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் கற்பித்தல் உதவியாளர் பயிற்சிக்குச் சேர்ந்தேன். மூன்றாம் வகுப்பு. கணக்குப் பாடத்தில் “இது பெரியது அல்லவா?” என்று நான் முழங்கினால், “ஆமாங்க சார்!” என்று கூரை ஓடு அதிரும். அதைப் புரிதல் என்றே கொண்டேன்.

பின்வரிசையில் அமர்ந்து கவனித்த வகுப்பாசிரியை இடைவேளையில் சொன்னார்: “கேக்கறப்பவே பதிலையும் குடுத்துடறீங்க சார். அவங்க உங்களுக்குக் கைதட்டறாங்க, அவ்ளோதான். நம்பலைன்னா தப்பா ஒண்ணு கேட்டுப் பாருங்க.”

கேட்டேன். “பத்தைவிட ஏழு பெரியது அல்லவா?”

“ஆமாங்க சார்!”

முதல் வரிசையில் ஒரு சிறுமி மட்டும் வாய் திறக்கவில்லை.

“நீ ஏம்மா சொல்லல?”

“ஏழு சின்னதுங்க சார். நீங்க அவ்ளோ சத்தமா சொல்றீங்க, எப்படிங்க இல்லைங்கறது?”

வகுப்பு சிரித்தது. ஆசிரியையும் சிரித்தார். “மேடைப் பேச்சுக்காரருக்கு கிளாஸ் ஒத்து வராதுங்க. உங்க மதிப்பீட்டுல அப்படித்தான் எழுதப் போறேன்.” எழுதினால் என் பயிற்சி அன்றோடு முடிந்தது.

கேள்வியிலேயே பதிலைக் கொடுத்துவிடுகிறேன் என்று அவர் முதலில் சொன்னது உண்மை. ‘அல்லவா’ மேடையில் கூட்டத்தை இழுக்கும் சொல். வகுப்பில் அது ஒரு குழந்தையின் வாயை அடைத்தது. அதை அங்கேயே கைவிட்டேன். மேடைப் பேச்சுக்காரருக்கு வகுப்பு ஒத்து வராது என்றதற்கு மட்டும் நான் தலை வணங்கவில்லை, இன்றும் வணங்கவில்லை. எதிரணி இல்லாத மேடை மேடையே அல்ல. எதிரணியை அழைக்காமல் நான் பேசிக்கொண்டிருந்தேன், அவ்வளவே.

“எழுதுங்க டீச்சர். இன்னொரு பீரியட் குடுத்துட்டு எழுதுங்க.”

“மறுபடியும் இதே கச்சேரிதானா?”

அடுத்த பாடவேளையில் கரும்பலகையில் அறுபத்து நான்கையும் நாற்பத்தாறையும் எழுதினேன். “நாப்பத்தாறுதான் பெரிசுன்னு நான் சொல்றேன். யாரு என்னை மறுக்கறீங்க?”

ஒருவரும் அசையவில்லை. அந்த அமைதியை என் குரலால் நிரப்பாமல் நின்றது எந்த மேடையையும்விடக் கடினமாக இருந்தது. கடைசியில் அச்சிறுமி எழுந்தாள்.

“தப்புங்க சார். அதுல ஆறு பத்து இருக்குது. இதுல நாலுதானுங்க.”

“சார் தோத்துட்டாரு டோய்!” என்றது பின்வரிசை.

ஆசிரியை பேனாவை மூடினார். “இந்த மாசம் முடியட்டும், அப்புறம் எழுதறேன்.”

அவர் கேட்க, பிள்ளைகளும் கேட்க, முழுக் குரலில் சொன்னேன்: “என்னை மறுத்துப் பேச ஒருத்தராவது எந்திரிக்கற வரைக்கும் அடுத்த கணக்குக்குப் போகமாட்டேன். என் குரலைக் குறைக்க மாட்டேன் டீச்சர். இவங்க குரலை ஏத்திக் காட்டறேன்.”