கணீர் குரலுக்கு எழுதியவள்

அவளுக்குக் கமாக்கா என்று பேர் வைத்தது ஒலிப்பதிவு அறைக்காரர்கள்தான். ஒரு பக்கத்துக்கு நாற்பது கமா போட்டால் வேறு என்ன பேர் வைப்பார்கள்? முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேரே சொன்னார்கள். கடைசியில் வருகைப் பதிவேட்டில் உள்ள சொந்தப் பேரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவல்காரருக்கே ஆள் தெரியாது என்றாகிவிட்டது.

அது ஒரு கேபிள் சேனல். கடலுக்கடியில் என்ன நடக்கிறது, எறும்பு எப்படிப் புற்று கட்டுகிறது, நட்சத்திரம் எப்படி அணைகிறது என்றெல்லாம் யாரோ எங்கேயோ எடுத்த படங்களை வாங்கித் தமிழில் குரல் கொடுத்து ஒளிபரப்புவார்கள். படம் முதலில் கமாக்காவிடம் வரும். படத்தில் பேசுகிறவர் எத்தனை நொடி பேசுகிறாரோ அத்தனை நொடிக்குள் தமிழும் அடங்க வேண்டும். கையில் ஸ்டாப்வாட்ச்சை வைத்துக்கொண்டு, உதட்டுக்குள்ளேயே வாசித்துப் பார்த்து எழுதுவாள். பதினோரு வருஷமாக அவளுக்கு இதுதான் வேலை. அத்தனை வருஷமும் அவள் எழுதியதை வாசித்தவர் ஒரே ஒருவர்.

அவரைக் கணீர் சார் என்பார்கள். ஆள் ஊதினால் பறந்துவிடுவார். அந்த உடம்பில் அந்தக் குரல் எந்த மூலையில் குடியிருக்கிறது என்று பார்த்தவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது யோசித்திருப்பார்கள். மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள் உள்ளவர். கமாக்கா காலையில் வந்து எழுதிக் கொடுத்துவிட்டு மதியம் கிளம்பிவிடுவாள். அவர் மதியத்துக்குமேல் வந்து வாசிப்பார். நேருக்கு நேர் பார்த்தது ஐந்தாறு தடவை இருந்தால் அதிகம். பார்த்தாலும், "என்ன மேடம், சௌக்கியமா?" "இருக்கேன் சார்," அவ்வளவுதான்.

ஆனால் அவர் மூச்சு அவளுக்கு அத்துப்படி. எத்தனை சொல்லுக்கு ஒரு தரம் இழுத்துக்கொள்வார், எந்த எழுத்தில் குரல் இறங்கும், எந்த இடத்தில் ஒரு இமைப்பொழுது நிறுத்தினால் கேட்கிறவர்களுக்குச் சிலிர்க்கும் என்பதெல்லாம் தெரியும். அந்த இடங்களில்தான் அவள் கமா போட்டாள். சாயங்காலம் வீட்டில் அம்மா டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டு, "ஏய், உன் ஆளு பேச ஆரம்பிச்சாச்சு, வா," என்று கூப்பிடுவாள். கமாக்கா செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு வருவாள். கல்யாணப் பேச்சு இரண்டு தடவை வந்து இரண்டு தடவையும் வாசலோடு திரும்பிப் போன வீடு அது. நாற்பத்து நாலு வயதுப் பெண்ணைக் கேலி செய்ய அம்மாவுக்கு அது ஒன்றுதான் மிச்சம்.

ஒரு தடவை அவருக்குச் சளி பிடித்திருந்ததை டிவியில் கேட்டே கண்டுபிடித்தாள். அடுத்த நாள் எழுதிய பாலைவனப் படத்தில் வரிகளையெல்லாம் பாதியாக வெட்டினாள். நான்கு சொல்லுக்கு மேல் எந்த வரியும் போகவில்லை. வாசித்து முடித்துத் திரும்பி வந்த தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: "மூச்சு வாங்காம முடிச்சேன். நன்றி." யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்துவிட்டுத்தான் அதை இரண்டாம் முறை படித்தாள்.

இப்படியே ஓய்வு பெறும் வரைக்கும் ஓடிவிடும் என்று நினைத்திருந்த நேரத்தில் சேனலை வேறொரு கம்பெனி வாங்கியது. புதிதாக ஒரு நிகழ்ச்சித் தலைவி வந்தாள். கமாக்காவைவிடப் பத்து வயது சின்னவள், கெட்டிக்காரி, யாரிடமும் முகம் சுளிக்காதவள். அதனால்தான் அவள்மேல் கோபப்படவும் முடியவில்லை.

"பெரிய சர்வே எடுத்துப் பார்த்தோம் அக்கா," என்றாள் முதல் கூட்டத்தில். "திமிங்கலம் வந்தா மூணாவது நிமிஷம் சேனலை மாத்திடறாங்க. சமையலறையை மாத்திக் காட்டினா கடைசி வரைக்கும் பார்க்கறாங்க. நம்ம என்ன செய்ய முடியும்?"

சுவரில் சேனல் சின்னமாக இருந்த நீல உருண்டை போய் ரோஜா நிறத்தில் ஒரு இலை வந்தது. சேனலுக்குப் புதுப் பேர், புதுப் பாட்டு. வீட்டு அலங்காரம், தோல் பராமரிப்பு, உடற்பயிற்சி, ஐந்து நிமிஷத்தில் அலமாரி அடுக்குவது எப்படி என்று எல்லாம் லைஃப்ஸ்டைல்.

கணீர் சாரை உடனே அனுப்பிவிடவில்லை. ஒரு பரீட்சை வைத்துப் பார்த்தார்கள். குளியலறை டைல்ஸ் பற்றி அரைப் பக்கம். கமாக்காதான் எழுதினாள். எப்படியாவது அவருக்குப் பொருந்திவிட வேண்டும் என்று ஐந்து தடவை மாற்றி எழுதினாள். அன்றைக்கு மதியம் வீட்டுக்குப் போகாமல் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், ஒலிப்பதிவாளருக்குப் பின்னால் நின்றாள்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "தண்ணீர் படும் இடத்தில், வழுக்காத டைல்ஸையே தேர்ந்தெடுங்கள்."

ஒலிப்பதிவாளர் வாயைப் பொத்திக்கொண்டார். நிகழ்ச்சித் தலைவி எவ்வளவோ அடக்கிப் பார்த்தும் முடியாமல் சிரித்துவிட்டாள். "சார், தப்பா நினைக்காதீங்க. யாரோ ஏற்கெனவே வழுக்கி விழுந்து போய்ச் சேர்ந்த மாதிரி இருக்கு."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவரும் சிரித்தார். "எனக்கும் அப்படித்தாம்மா இருந்துச்சு," என்றார். காதிலிருந்த ஹெட்ஃபோனைக் கழற்றி, ஒயரை ஒழுங்காகச் சுற்றி, மேஜையில் வைத்தார். வெளியே வரும்போது கமாக்காவைப் பார்த்து, "நீங்க நல்லாத்தான் எழுதியிருந்தீங்க மேடம்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து அவர் வரவில்லை.

கமாக்காவை வைத்துக்கொண்டார்கள். புதிதாக வந்த தொகுப்பாளினிக்கு எழுதிக் கொடுக்க ஆள் வேண்டுமே. அந்தப் பெண் நல்ல பெண், ஆனால் திறந்துவிட்ட குழாய் மாதிரிப் பேசுவாள். "ஹாய் ஹலோ, உங்க ஜன்னல் உங்களைப் பத்தி என்ன சொல்லுதுன்னு தெரியுமா?" என்று தொடங்கினால் விளம்பர இடைவேளையில்தான் நிற்பாள். கமா எல்லாம் வீண். கமாக்கா ஒரு வாரம் போட்டுப் பார்த்தாள். பிறகு அவளே விட்டுவிட்டாள். பேர் மட்டும் போகவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களும் ஏன் என்று தெரியாமலே அவளைக் கமாக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

வீட்டில் அம்மாவோ புதுச் சேனலுக்கு அடிமையாகிவிட்டாள். "இத்தனை வருஷமா எறும்பையும் பாம்பையும் காட்டி ஏமாத்தியிருக்கீங்களே," என்றாள். சமையலறை அலமாரிக்குச் சறுக்கிக்கொண்டு திறக்கிற கதவு போட்டே ஆகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். கமாக்கா தலையாட்டினாள். காதில் விழுந்ததா என்பது வேறு விஷயம்.

அவள் மனதில் ஓடிக்கொண்டிருந்தது பாதியில் நின்ற ஒரு படம். கையளவே உள்ள கரைப் பறவைகள் கூட்டமாகக் கிளம்பி, எங்கும் இறங்காமல், ஒரு பெருங்கடலையே தாண்டிப் போகிற கதை. இரண்டு பாகம். முதல் பாகத்தைக் கணீர் சார் வாசித்துவிட்டார். நடுக்கடலில் எதிர்காற்று தொடங்குகிற இடத்தில் அது முடியும். இரண்டாம் பாகத்தில் பாதி எழுதியிருந்தபோதுதான் சேனல் கைமாறியது. படத்தைத் திருப்பி அனுப்பியாகிவிட்டது. ஆனால் அதைப் பல தடவை பார்த்திருந்தாள், குறிப்பும் இருந்தது. யாரும் கேட்காமலே, ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் உட்கார்ந்து மீதியை எழுதி முடித்தாள். ஒவ்வொரு வரியும் அவர் குரலிலேயே வந்தது. அவர் மூச்சு வாங்கும் இடத்தில் அவளும் நிறுத்தினாள். பதினொரு பக்கம். எழுதி முடித்த அன்று கை வெறுமையாகிவிட்ட மாதிரி இருந்தது.

அந்த வருஷக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, சித்தி மகளைப் பேருந்து ஏற்றிவிடப் பெரிய பேருந்து நிலையத்துக்குப் போனாள். வண்டி நகர்ந்து, கையசைத்து முடித்துத் திரும்பியபோது தலைக்கு மேலே ஒலிபெருக்கி பேசியது.

"பயணிகள் கவனிக்கவும் ஏழாம் நடைமேடையில் நிற்கும் பேருந்து இன்னும் ஐந்து நிமிடங்களில் புறப்பட இருப்பதால் பயணிகள் தத்தம் உடைமைகளுடன் உடனடியாக..."

நடந்துகொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். பின்னால் வந்தவரின் பெட்டி காலில் இடித்தது. "என்னம்மா, நடுவழியில..." என்று அவர் முணுமுணுத்துக்கொண்டு சுற்றிப் போனார். அது அந்தக் குரல்தான். சந்தேகமே இல்லை. நடைமேடை ஓரத்து இரும்பு பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். வீட்டுக்குப் போகிற வண்டி வந்தது, போனது. அடுத்ததும் போனது. ஒவ்வொரு அறிவிப்பிலும் அவர் கடைசிச் சொல்லுக்கு வரும்போது மூச்சு தீர்ந்துபோய்த் தடுமாறுவது அவளுக்குக் கேட்டது. எழுதிக் கொடுத்தவன் மூச்சே விடாதவன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அதன்பிறகு நான்கு சனிக்கிழமை போனாள். அம்மாவிடம் கடைக்கு என்றாள். நான்காவது வாரம் அம்மா, "எந்தக் கடைடி அது, வெறுங்கையோட அனுப்பற கடை?" என்று கேட்டாள். ஐந்தாவது சனிக்கிழமை அந்தப் பதினொரு பக்கத்தையும் பையில் வைத்துக்கொண்டு, விசாரணைச் சாளரத்துக்குப் பக்கத்துப் படியேறி, அறிவிப்பாளர் அறைக் கதவைத் தட்டினாள்.

ஒரு மேஜை, ஒரு மைக், வண்டி நேரம் எழுதிய பலகை, ஓரத்தில் பிளாஸ்க். அவர் எழுந்தே நின்றுவிட்டார். தலை இன்னும் கொஞ்சம் நரைத்திருந்தது.

"மேடம், நீங்களா? வாங்க, உக்காருங்க. நாற்காலி ஒண்ணுதான் இருக்கு, நீங்க உக்காருங்க."

"பரவாயில்ல சார். சும்மா இந்தப் பக்கம் வந்தேன். குரல் கேட்டுச்சு."

"கேட்காம இருக்குமா? எட்டு ஒலிபெருக்கி வெச்சிருக்காங்களே." சிரித்தார். பிளாஸ்க் மூடியில் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். வீட்டைப் பற்றி விசாரித்தார். மூத்த பெண் வேலைக்குப் போகிறாளாம். இந்த வேலையும் மோசமில்லையாம். "ஒரே ஒரு குறைதான் மேடம். இங்க ஒரு கமா கிடைக்காது."

அவள் கை பை வரைக்கும் போய்த் திரும்பியது. தேநீரைக் குடித்தாள்.

அவர் குனிந்து பலகையைப் பார்த்துவிட்டு, ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்பவர் போல, "அந்தப் பறவைங்க என்னாச்சு மேடம்?" என்றார். "நடுக்கடல்ல விட்டுட்டு வந்துட்டேன். வீட்ல சின்னவ கேட்டா. தெரியாதும்மான்னு சொல்லிட்டேன். எப்பவாச்சும் நினைப்பு வரும். கரை சேர்ந்துச்சா?"

பையிலிருந்து தாள்களை எடுத்து நீட்டினாள். அவர் சட்டைப் பையில் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார். முதல் வரியை உதட்டுக்குள் படித்தார். பிறகு மைக்கின் பொத்தானை அணைத்தார். அணைந்துவிட்டதா என்று அவளும் எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். அவர் நின்றுகொண்டே வாசிக்க ஆரம்பித்தார்.

"காற்று எதிரே நிற்கிறது. திரும்பிப் போகக் கரை இல்லை, இறங்கி இளைப்பாற ஒரு பாறை இல்லை. சிறகு ஒன்றுதான் இருக்கிறது, அதுவும், ஆறு நாளாக ஓயவில்லை."

அவள் எங்கே மூச்சை வைத்திருந்தாளோ அங்கேயே அவர் எடுத்தார். இத்தனை வருஷத்தில் இவ்வளவு கிட்டத்தில், நடுவில் கண்ணாடி இல்லாமல், அவள் அந்தக் குரலைக் கேட்டதில்லை. அவர் தோள் ஏறி இறங்குவதைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. பலகையைப் பார்த்தபடியே கேட்டாள். நான்கு நிமிஷத்துக்கு ஒரு தரம் அவர் நிறுத்தி, மைக்கைப் போட்டு, யாரையோ எங்கேயோ அனுப்பிவிட்டு, மறுபடி கடலுக்குத் திரும்பினார். இரண்டு பக்கம் முடிவதற்குள் அடுத்த ஷிப்ட் அறிவிப்பாளர் வந்துவிட்டார்.

"மீதியை அடுத்த வாரம் வெச்சுக்கலாமா?" என்றார் அவர். "முன்னாடியே படிச்சுட மாட்டேன். தாள் உங்ககிட்டயே இருக்கட்டும்."

ஐந்து வாரம் ஆயிற்று. எல்லாப் பறவையும் கரை சேரவில்லை. சேர்ந்தவை ஈர மணலில் இறங்கி, நிற்கக் கால் மறந்தவை போலத் தடுமாறும். கடைசி வரியை வாசித்துவிட்டு அவர் சற்று நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கேட்க நினைத்தவை, சொல்ல நினைத்தவை எல்லாம் நாக்கு நுனி வரை வந்தன. அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. மனைவி. வீட்டுக்கு வரும்போது எதையோ வாங்கி வரச் சொன்னாள் போலிருக்கிறது. "சரிம்மா, சரிம்மா," என்றார் மென்மையாக. அவர் பேசி முடிப்பதற்குள் கமாக்கா தாள்களை அடுக்கிப் பைக்குள் வைத்துவிட்டாள்.

"வேற ஏதாச்சும் எழுதினா கொண்டு வாங்க மேடம்."

"கொண்டு வரேன் சார்."

எழுதவில்லை. உட்கார்ந்து பார்த்தாள், வரவில்லை. வெறுங்கையோடு போக மனசும் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து அவரே அலுவலகத்துக்குப் போன் செய்தார். வேறு ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு மாற்றிவிட்டார்களாம், குடும்பத்தோடு கிளம்புகிறாராம். போனில் அந்தக் கணீர் இல்லை. வீடு மாற்றுகிற கவலையில் இருக்கும் யாரோ ஒரு சாதாரண மனிதரின் குரலாக இருந்தது.

"அங்க வீடு பார்த்தாச்சா சார்?"

"பார்த்தாச்சு மேடம். மாடி வீடு. நல்ல காத்து."

"அப்ப சரி. உடம்பைப் பார்த்துக்கோங்க. மழைக்காலத்துல உங்களுக்குச் சளி பிடிக்கும்."

"ஆமா," என்றார் அவர். "பிடிக்கும்."

போனை வைத்தாள். திரைச்சீலை பற்றி எட்டு வரி கேட்டிருந்தார்கள், மதியத்துக்குள் வேண்டுமாம். மூன்று வரி எழுதினாள். காற்று வரட்டும் என்று எழுந்து போய் நான்காம் மாடி ஜன்னலைத் திறந்தாள். கீழே சாலையில் வண்டிகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு போயின. நிகழ்ச்சித் தலைவி இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, மீதி ஐந்து வரியைக் கேட்காமல் திரும்பிப் போனாள்.