அட்டைப்படத்து மோகினி ரோசரி

எண்பதுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் ரோசரி போட்ட அலறலைக் கேட்டு அக்கம்பக்கத்தார் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடிவந்தார்கள். முடியை விரித்துப் போட்டு, முகமெல்லாம் பவுடர் அப்பி, ஸ்டூல் மேல் நின்றிருந்தாள் அவள். எதிரே தரையில் உட்கார்ந்து அவள் புருஷன் தைரியராஜ் நிதானமாகப் படம் வரைந்துகொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்லக்கா. கத்துனா கழுத்து நரம்பு எப்படிப் பொடைக்குதுன்னு இவரு பாக்கணுமாம்," என்றாள் ரோசரி.

தைரியராஜ் ஒர்க் ஷாப்பில் ரயில் பெட்டிகளுக்கு எழுத்து எழுதும் பெயின்டர். ஷிப்ட் முடிந்து வந்தால் சென்னைப் பதிப்பாளர் ஒருவரின் மாத நாவல்களுக்கு அட்டைப்படம் போடுவார். பேய்க் கதை, கொலைக் கதை, நடுநடுவே மறைத்து வைத்துப் படிக்கிற கதை. ஆரம்பத்தில், ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஒன்று விட்டுப்போன இங்கிலீஷ் பத்திரிகைகளைப் பார்த்துத்தான் வரைந்தார். பதிப்பாளர் படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். வெள்ளைக்காரிக்குப் புடவை கட்டிவிட்ட மாதிரி இருக்கிறதாம்.

தைரியராஜ் சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தபோது ரோசரிதான் சொன்னாள். "என்னைப் பாத்து வரைங்க."

அதற்கப்புறம் பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடைகளில் தொங்கிய பேய்களெல்லாம் அவள்தான். கிணற்றிலிருந்து எழுந்து வரும் பிணமும் அவள், ஜமீன்தாரை மயக்க வந்தவளும் அவள். ஈரப் புடவைப் படத்துக்குக் குடத்துத் தண்ணீரைத் தானே தலையில் கவிழ்த்துக்கொண்டாள். வரைந்ததைப் பார்த்துவிட்டுச் சண்டையும் போட்டாள்.

"இடுப்ப ஏன் இளைக்க வச்சீங்க? இருக்கறத இருக்கற மாதிரி போடுங்க."

தைரியராஜ் மறுபடி வரைந்தார்.

அவர் போய்ச் சேர்ந்து வெகு காலமாகிவிட்டது. ரோசரிக்கு எழுபது தாண்டிவிட்டது. காட்டூரில் மகன் பெஞ்சமின் வீட்டில் இருக்கிறாள். போன மாசம், பழைய அட்டைப்படங்களைத் தேடிச் சேர்க்கும் சௌமியா என்ற பெண் வந்து, ஸ்ரீரங்கத்தில் கண்காட்சி வைக்க மூலப் படங்களைக் கேட்டாள்.

"பேய்ப் படம் மட்டும் எடுத்துட்டுப் போங்க. மத்தது வேண்டாம்," என்றான் பெஞ்சமின். அவன் வேலைக்குக் கிளம்பியதும் ரோசரி டிரங்குப் பெட்டியைத் திறந்து மொத்தத்தையும் கொடுத்தனுப்பினாள்.

திறப்பு நாளன்று காலை அவள் ஆட்டோவில் போய் இறங்கினாள். வடக்குச் சித்திரை வீதியில், சீமந்தமும் நிச்சயதார்த்தமும் நடக்கிற சின்ன ஹால். பேய்கள் சுவரில் நன்றாகத்தான் இருந்தன. ஈரப் புடவைக்காரி மேலும், இன்னும் நாலைந்து படங்கள் மேலும் பிரவுன் பேப்பர் ஒட்டியிருந்தது. ரோசரி நேரே போய் அதைக் கிழித்தாள்.

ஹால்காரர் லக்ஷ்மணன் வேகமாக வந்தார். "அம்மா, பேய் இருக்கட்டும். இதெல்லாம் வேண்டாம். பெருமாளை ஸேவிக்க வர்றவா இந்த வழியாத்தான் போவா."

"ரெண்டுலயும் இருக்கறது நான்தாங்க. செத்தவளா இருந்தா பாக்கலாம், உசுரோட இருந்தா பாக்கக் கூடாதா?"

அவர் அவளையும் படத்தையும் ஒரு முறை பார்த்தார். பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொண்டார். "ஹால் என்னுது. நான் சொல்றதுதான்."

"ஆமாங்க, ஹால் உங்களுது. உடம்பு என்னுது." சௌமியா பக்கம் திரும்பினாள். "எல்லாத்தையும் கழட்டு."

"பேயாவது இருக்கட்டுமே ரோசரிம்மா. எல்லாரையும் கூப்பிட்டாச்சு," என்றாள் சௌமியா, அழாத குறையாக.

"வர்றவங்கள காட்டூருக்கு வரச் சொல்லு."

சாயங்காலம் காட்டூர் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரோரம் படங்கள் வரிசையாகச் சாய்ந்து நின்றன. நடுவில் ஈரப் புடவை. சௌமியாவின் நண்பர்கள் விலாசம் கேட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். மாதா கோயில் பூசை முடிந்து வந்த பெண்கள் முதலில் எதிர்ச்சாரியில் நின்று பார்த்தார்கள், பிறகு கிட்டவே வந்தார்கள். பக்கத்து வீட்டுச் சபீனா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"யா அல்லா, இது நீங்களாக்கா? கூச்சமா இல்லியா?"

"இருந்துச்சு. அவரு வரைஞ்சு காட்டுனதும் போயிடுச்சு. நல்லா இருந்தேன்டி."

சபீனா இன்னொரு தடவை பார்த்தாள். "நல்லாத்தான் இருந்திருக்கீங்க," என்று சிரித்தாள்.

பெஞ்சமின் பைக்கைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தான். முகம் சிவந்திருந்தது.

"மானம் போவுதும்மா. எடுத்து உள்ள வைங்க."

"உன் மானத்த நீ உள்ள வச்சுக்கடா. நான் இங்கதான் இருப்பேன்."

அவன் யாரையும் பார்க்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். ரோசரி சாத்திய கதவையே ஒரு கணம் பார்த்தாள். ஆனாலும் பின்னால் போகவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் படங்களுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொன்னாள்.

இருட்டிக்கொண்டு வந்தது. "படம் சரியாத் தெரியல. கட்டிடலாமா ரோசரிம்மா?" என்று கேட்டாள் சௌமியா.

"வாசல் லைட்டப் போடு," என்றாள் ரோசரி.