மதிலைச் சரித்தவன் பெயர்

ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியின் கேன்டீனில் சமைக்கிற ருக்மணிக்குக் கன்னடமும் தெலுங்கும் தமிழைப் போலவே சரளமாக வரும். மன்னிப்பதுதான் வராது.

மத்தூர்ப் பக்கம் பிறந்தவள். கல்யாணமான புதிதில் கணவன் மாதேஷோடு கர்நாடகக் கடற்கரைக்கு வேலைக்குப் போனாள். அங்கே படகில் போகும் தூரத்தில் ஒரு தீவு, தீவில் ஒரு பாழடைந்த கோட்டை. அதன் மதிலைச் செப்பனிடும் வேலையை எடுத்திருந்தவன் ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடியைச் சேர்ந்த பூபதி. மாதேஷ் கொத்தனார், ருக்மணி சித்தாள். பழைய மதிலுக்குச் சிமெண்ட் ஆகாதென்று சுண்ணாம்பில் கட்டினார்கள். சுண்ணாம்பு நன்றாக நீறி ஊற வேண்டும். ஊறாததை வைத்தால் சுவருக்குள்ளேயே உப்பி வெடிக்கும். ஆனால் அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள் என்று பூபதி அவசரப்படுத்தினான்.

"இன்னும் சூடே ஆறல மேஸ்திரி," என்றான் மாதேஷ்.

"வெச்சுப் பூசுடா. வந்து சுரண்டியா பாக்கப்போறாங்க?"

அந்த வருஷ மழைக்கே மதில் சரிந்தது. மாதேஷ் அடியில் இருந்தான். குடித்துவிட்டு மதில்மேல் ஏறி ஆடினான் என்று பூபதி சொன்னதை எல்லோரும் நம்பினார்கள். மாதேஷோ சாராய வாடைக்கே குமட்டுகிறவன். அதை ருக்மணி சொன்னபோது கேட்க ஆளில்லை.

இந்த வருஷம் கம்பெனி டூர் அந்தத் தீவுக்கு என்றதும் அவள் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள்.

படகிலிருந்து இறங்கியதும் வழிகாட்டி கன்னடத்தில் ஆரம்பித்தான். வந்தவர்களில் பாதிப்பேர் தெற்கத்திக்காரர்கள், ஒன்றும் புரியவில்லை. உடன் வேலை செய்யும் சரிதா அவளை முன்னால் தள்ளினாள். "நீ தமிழ்ல சொல்லுக்கா."

ருக்மணி சொன்னாள். போர்ச்சுக்கீசியர் மிளகு மூட்டைகளைக் காக்கக் கட்டியது. டச்சுக்காரர் பிடித்தார்கள். வெள்ளைக்காரன் சிறையாக்கினான். அவனும் போனபின் அரசமரங்கள் வேர்விட்டுக் கல்லைப் பிளந்தன.

சரிந்த இடத்துக்கு வந்ததும் வழிகாட்டி சிரித்தான். இதைத் தள்ளியது பீரங்கி இல்லை, ஒரு தமிழ்க் குடிகாரன், மேலே ஏறி ஆடினான் என்றான்.

ருக்மணிக்கு அப்போதுதான் தெரிந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"என்னக்கா சொல்றான்?"

"இத சரிச்சது நம்ம ஜூஜுவாடி பூபதியாம். ஊறாத சுண்ணாம்ப வெச்சுக் கட்டுனானாம். ஒரு கொத்தனார் அடியில மாட்டிச் செத்தாராம். பழியத் தூக்கி அவர் மேலயே போட்டானாம்."

"நம்ம கம்பெனிக்கு ஆள் அனுப்பற பூபதியா?" மெஷின் ஆபரேட்டர் செல்வம் வாயைப் பிளந்தான்.

"அவனேதான்."

வழிகாட்டிக்கு அரைகுறைத் தமிழ் தெரியும். நான் அப்படிச் சொல்லவில்லையே என்று முறைத்தான். ருக்மணி கன்னடத்துக்கு மாறினாள். "செத்தது என் புருஷன். குடித்ததை நீ பார்த்தாயா?"

"கான்ட்ராக்டர் ஆட்கள்தான் சொன்னார்கள்…"

"இனிமேல் நான் சொன்னதாகச் சொல். பூபதி பெயரோடு சொல்."

அவன் தலையை ஆட்டினான்.

டூர் போனவர்கள் ஓசூரில் இறங்கிய மறுநாளே கம்பெனி பஸ்களிலெல்லாம் இதே பேச்சு. கேட்டில் பூபதியைப் பார்த்து யாரோ, "சுண்ணாம்பு ஊறுச்சா மேஸ்திரி?" என்று கத்தினார்கள். ஒரு வாரம் பொறுத்துவிட்டு அவன் கேன்டீன் பின்வாசலுக்கு வந்தான்.

"ஏம்மா, போனவன் திரும்பவா போறான்? எம் பொண்ணுக்கு மாப்ள பாத்துட்டிருக்கேன். வர்றவனெல்லாம் இதத்தான் கேக்கறான். உட்ரு."

"குடிகாரன் பொண்டாட்டின்னு நான் எத்தன வருஷம் கேட்டிருப்பேன்? இப்ப நீங்க கேளுங்க."

"உன் கால்ல உழட்டுமா?"

"எங்கால் எதுக்கு? அந்தத் தீவுக்கு வாங்க. அங்க நின்னு, மாதேஷ் குடிக்கல, நாந்தான் கொன்னேன்னு சத்தமா சொல்லுங்க."

பூபதி வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த வாரம் இரண்டாவது ஷிப்ட்காரர்கள் டூர் போகிறார்கள். அவர்களுக்குக் கன்னடத்தைத் தமிழில் சொல்ல ருக்மணியும் போகிறாள்.