ஒன்பது நாள் நீராவி

ஆய்வுக்கூடத்தில் வெயிலக்கா என்று சொன்னால்தான் தெரியும். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. பதினேழு வருடமாக மனுஷி மொட்டைமாடி ஏறுகிறாள்: காலை ஒன்பது, நண்பகல், பிற்பகல் மூன்று. கைக்குள் அடங்கும் பெட்டி ஒன்றைச் சூரியனுக்கு நேரே பிடித்தால், காற்றில் எவ்வளவு தூசு, எவ்வளவு நீராவி என்று அது எண்ணாகச் சொல்லும். ஐந்து தடவை பிடித்து, இருப்பதிலேயே குறைந்ததை எழுத வேண்டும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மேகம் குறுக்கே வந்தால் எண் எகிறிவிடும் என்பதால் இந்த ஏற்பாடு.

கோடை முற்ற முற்றத் தூசு ஏறும். மழைக்கு முன்னால் நீராவி கிடுகிடுவென்று உயரும். நாலு மழை பெய்ததும் தூசு இருந்த இடம் தெரியாது. "இந்தம்மா வானத்துக்கே நாடி பிடிக்குது" என்று வாயிற்காவலர் கிண்டலடிப்பார். அக்காவுக்கு உள்ளூரப் பெருமைதான். அதைவிடப் பெருமை, அளவுப் பதிவேட்டில் ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை என்பது. மழை நாளில்கூட 'மேகம்' என்று எழுதிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள்.

அன்றைக்கு ஆய்வாளர் துள்ளிக்கொண்டு வந்தாள். வயதில் சிறியவள், அக்கா மேல் உயிரையே வைத்திருந்தாள்.

"அக்கா, ஏழு வருஷத்துக்கு முன்னாடி, மழைக்கு முந்தின ஒம்பது நாளப் பாருங்க. செயற்கைக்கோள் நீராவி அதிகம்னு சொல்லுது. நீங்க கம்மின்னு எழுதியிருக்கீங்க. அப்போ செயற்கைக்கோள்தான் தப்பு! அதோட கணக்கையே திருத்தச் சொல்லிக் கட்டுரை எழுதப் போறேன்."

அந்த ஒன்பது நாளும் அக்கா மாடி ஏறவே இல்லை. மகளுக்கு எட்டாம் மாதத்திலேயே பிரசவமாகி, குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவே கதியென்று கிடந்தாள். திரும்பி வந்தபோது காலிக் கட்டங்களைப் பார்க்கச் சகிக்கவில்லை. முந்தைய வருடம் அதே தேதிகளில் இருந்த எண்களை, அங்கொன்றும் இங்கொன்றுமாக மாற்றி நிரப்பினாள். பருவம் எங்கே ஓடிப்போகிறது என்று நினைப்பு. அந்த வருடம் பார்த்து மழை பத்து நாள் முந்திக்கொண்டது.

ஏழு வருடத்துக்கு முந்தைய விடுப்புக் கடிதத்தை யார் தேடப்போகிறார்கள்? வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கட்டுரையில் அவள் பெயர்கூட வரும். உள்ளதைச் சொன்ன செயற்கைக்கோள் பொய்யாகிப்போகும். அதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

"எழுதாதம்மா. அது நான் அளந்ததில்ல. முந்தின வருஷத்தப் பாத்துப் போட்டது."

ஆய்வாளர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"வேற நாள் ஏதாவது இப்படி இருக்காக்கா?"

"சத்தியமா இல்ல."

"நான் நம்புறேன். நான் நம்பினா மட்டும் போதாதே. பதினேழு வருஷத்தையும் செயற்கைக்கோளோட ஒத்துப் பாக்கணும்."

செயற்கைக்கோளையே சரிபார்க்க உதவிய எண்கள் அவை. அக்கா அழவில்லை, அழுதிருந்தால் தேவலை. பதிவேட்டைப் பிரித்து, அந்த ஒன்பது நாள் எண்களையும் அடித்து, 'அளக்கவில்லை' என்று எழுதி, ஒவ்வொன்றின் கீழும் கையெழுத்துப் போட்டாள். முடிக்கும்போது மணி பன்னிரண்டு. பெட்டியை எடுத்துக்கொண்டு படியேறியவள் பாதியில் நின்று திரும்பினாள்.

"நீயும் மேல வாம்மா. நம்பர நீயே பாத்து எழுது."